தண்ணீர்க் கழிவு

கட்டபெட்டுக் கொட்டகையில்
பச்சை இலை எடை போடுகிறவள் நான்.
ஈர மூட்டை என்றால் நூற்றுக்குப் பத்து
தண்ணீர்க் கழிவு.
மாத்திரைக்கு எவ்வளவு கழிப்பது?

கை நடுங்கி, பதினேழு பதினொன்றாகிவிட
பெள்ளி என் முகத்தையே பார்த்தார்.
ஆறு கிலோம்மா, என்றார்.
சீப்பு நிறைய முடி.
கடையில் துவரை என்ற சொல் வரவில்லை,
விரலால் காட்டினேன்.

இந்த மின் தராசுக்கு மறுதட்டு இல்லை.
இருந்தாலும்
பதினான்கு மாதமாக வராத ஒன்றை
எப்படித் தூக்கி வைப்பது?

கடைசியாக வந்தபோது
கணப்புச் சட்டிமேல் விழுந்தேன்.
அதன் விளிம்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது.
கடித்த நாக்கின் ரத்தத்தை
லோகித் தன் பள்ளிச் சட்டையால் துடைத்தான்.
வெளுத்துக் கொடுத்தும்
அதை அவன் மறுபடி போடவில்லை.

நேற்றிரவு பிளேடால் ஒன்றை இரண்டாக்கினேன்.
சரிபாதி ஆகவில்லை.
பெரியதை விழுங்கி,
சின்னதைப் பழைய ரசீதில் மடித்துத்
தலையணைக்கடியில் வைத்தேன்.

பனி ஓட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.
நடுச்சாமம் அவன் எழுந்து வந்தான்,
நான் தூங்குவதாக நினைத்து
மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான்.
போய்ப் படுத்துக்கொண்டான்.
தினமுமா?

ரசீதைப் பிரித்தேன்.
தண்ணீர் எடுக்கப் போனால் விழித்துக்கொள்வான்.
வெறும் நாக்கில், கசக்கக் கசக்க,
மற்றதும் போயிற்று.

வியாழன் குன்னூருக்கு நரம்பு டாக்டர் வருவார்.
குறைக்கலாமா, மாற்றலாமா, அவரிடம்தான் கேட்கவேண்டும்.
சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்:
நடுக்கம், முடி, துவரை.
எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது.
திருத்தி எழுதவில்லை,
அவரே பார்க்கட்டும்.