இருபதாம் நாள்

இருபதாம் நாள் காலை காய்ச்சல் விட்டது.
உதறி உதறி மூன்று முறை வைத்துப் பார்த்தேன்,
தொண்ணூற்றேழு.
படியில் நின்று கீழ்வீட்டு நஸ்லியாவுக்குக் கத்திச் சொன்னேன்.
நோன்புக்கென்று வாங்கிய அரிசியில்
அவள் அவசரமாய்க் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

அவர் குடிக்கவில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி
அசையாமல் கிடந்தார்.
வயிற்றில் கை வைத்தேன்.
பதினொரு வருஷமாய் எனக்குத் தெரிந்த வயிறு,
சிரித்தால் குலுங்குவது,
மீன் வெட்டும் பலகைபோல் இருந்தது.

வாழைத்தோட்டத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம்.
த்ரீவீல் விழுந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும்
என் கையைக் கடித்தார்.

ஏன் இவ்வளவு நாள் என்று யாரும் கேட்கவில்லை.
நானே கேட்டுக்கொண்டேன்.
டிஸ்பென்சரி மாத்திரை ஐந்து நாள்,
குறைந்ததும் நிறுத்தினோம்,
மிச்சத்தை அடுத்த முறைக்கென்று
டப்பாவில் போட்டு வைத்தது நான்.

சின்ன டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள்.
சிங்களத்தில் வேகமாய்ச் சொன்னாள்,
பிறகு எனக்காக விரலால் காட்டினாள்:
ஈரலுக்கு மேலே மெல்லிய கறுப்பு வளைவு.
காற்று. இருக்கக் கூடாத இடத்தில்.
அன்றைக்குப் பிறை பார்க்கும் நாள்.
கொழும்பெல்லாம் மேற்கே அண்ணாந்து நிற்க
நான் கண்டது அதைத்தான்.
யாரிடமும் போய்ச் சாட்சி சொல்லவில்லை.

சிறுகுடல் முடிகிற இடத்தில் ஓட்டை,
மிளகளவு என்றார்கள்.
நெருப்புக் காய்ச்சலில் இப்படி ஆவது அபூர்வமாம்.
லொத்தர் சீட்டில்கூட எங்களுக்கு விழாத அபூர்வம்.

நான்காம் நாள் பேசினார்.
பைப் பாஸ் மஹ்ரூப்.
புதுக்கடையில் சாக்கடை கலந்த குழாயை
நெஞ்சளவு குழிக்குள் நின்று
கடைசியாய்த் திருத்திவிட்டு வந்து படுத்தவர்.
"ரெண்டு அடுக்காத் தச்சாங்களா?" என்றார்.
"தண்ணி விட்டு, ஒழுகுதான்னு பாத்தாங்களாமா?"
நேர்ஸுக்கு யாரோ சிங்களத்தில் சொல்ல
அவள் சிரித்தாள்.
நான் அவர் விலாவிலிருந்து இறங்கும் ரப்பர் குழாயில்
சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்று தொண்ணூற்றெட்டு என்றாள்.
நல்லது என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.
நான் போர்வையை விலக்கி
கட்டுக்குப் பக்கத்தில், கொஞ்சம் வெறுந்தோல் இருந்த இடத்தில்
கை வைத்தேன்.
மூச்சுக்கு மூச்சு எழும்பியது.
எடுக்கவில்லை.