சாக்குக் கழிவு

தொங்கு தராசின் முள் ஆடி அடங்கும்.
பிறகு நான் எண்ணைச் சொல்வேன்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு மூச்சு நேரம் உண்டு.
பதினோரு வருடம்
அந்த மூச்சுக்குள்தான் குடியிருந்தேன்.

முள் முப்பத்திநாலு காட்டும்.
முப்பத்திரண்டு என்பேன்.
சாக்குக் கழிவு ரெண்டு கிலோ.
நாகலூர்த் தோட்டத்தில் மார்கழிப் பனியில்
விரல் விறைக்கக் காப்பிப்பழம் பறித்தவர்கள்
சரிங்க என்று நகர்ந்துவிடுவார்கள்.
கழித்ததெல்லாம் ஓரமாய்ச் சேர்ந்து
மாதத்துக்கு ஒருமுறை இருட்டில் இறங்கிப்போய்
காசாக என்னிடம் ஏறிவரும்.
ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டிலும்
அதிலிருந்து போட்டிருக்கிறேன்,
புது நோட்டாகப் பார்த்து.

பிறந்த நாற்பதாம் நாள்
தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.
பசாசை விட்டுவிடுகிறாயா என்று கேட்டதற்கு
ஞானத்தகப்பன் எனக்காகப் பதில் சொன்னார்.
நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.
முப்பத்தெட்டு வயதுவரை
அதே தூக்கம்தான்.

வெள்ளச்சியின் மகள் சௌந்தரி,
பள்ளிக்கூட லீவில் பறிக்க வந்தவள், கேட்டாள்:
"அந்த வெறுஞ்சாக்கை ஒருதரம் மாட்டுங்கண்ணா."
நாளையிலிருந்து வராதே என்று கத்தினேன்.
வெள்ளச்சி மகளைப் பின்னால் இழுத்துவிட்டு
கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள்.
என்னிடம்.

அன்றிரவே போன். வலி கண்டுவிட்டது.
இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்கில் இறங்கினேன்.
ஒவ்வொன்றிலும் ஓர் எண், மஞ்சள் பலகையில்.
இறங்குகிறவனுக்கு அது குறைந்துகொண்டே வரும்.
சேலம் பெரியாஸ்பத்திரியில் விடிகிற நேரம்
நர்ஸ் துணி விலக்கி
தட்டில் கிடத்தினாள் என் மகளை.
முள் ஆடி அடங்கியது.
"ரெண்டு கிலோ. கொஞ்சம் கம்மிதான்."
முள் காட்டியதையே சொன்னாள்,
ஒரு மூச்சு நேரம்கூட எடுக்காமல்.

ரெண்டு கிலோவுக்கு நகம் இருந்தது.
ரெண்டு கிலோ கொட்டாவி விட்டது.
மூட்டைக்கு ஒன்றாக
இதைத்தான் கழித்திருக்கிறேன்.
அந்த வராந்தாவில்,
பினாயில் வாடையில்,
பிறந்தது ஒன்றா இரண்டா
எனக்குத் தெரியாது.

மனந்திரும்பு, மனந்திரும்பு என்று
சிறுவயதிலிருந்து காதில் விழுந்த சொல்.
ஒரு திருப்பம் போதும் என்றிருந்தேன்.
மேலே ஏறும்போதுதான் எண்ணிப் பார்த்தேன்:
இருபது.
ஒவ்வொன்றிலும் வேகம் குறைக்கவேண்டும்.
பதினாலாவதில் நிறுத்தி,
திரும்பிப் போய்விடலாமா என்று
ரொம்ப நேரம் நின்றேன்.

எல்லோரும் பார்க்க வெறுஞ்சாக்கை மாட்டினேன்.
முக்கால் கிலோ இல்லை.
யாரும் எதுவும் பேசவில்லை.
சில்வர் ஓக் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

வேலை போயிற்று. பைக் போயிற்று.
பழைய நோட்டுகளைப் புரட்டி
வீடு வீடாய்ப் போனேன்.
செம்மநத்தத்தில் ஒருவர் காசை வாங்கிக்கொண்டு துப்பினார்.
வெள்ளச்சி ரெண்டுமுறை எண்ணினாள்,
உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.
மாரக்காள் செத்துப்போயிருந்தாள்.
மகன் திருப்பூரில்,
ஏதோ ஒரு பனியன் கம்பெனியில்.
சாமியாரிடம் முழங்காலிட்டுச் சொன்னேன்.
பாவமன்னிப்புக் கொடுத்தார்.
முகவரி அவரிடமும் இல்லை.

ஒருநாள் என்னையும் கொக்கியில் மாட்டுவார்கள்.
இந்த உடம்பு வெறுஞ்சாக்கு, அதைக் கழித்துவிட்டு
மிச்சத்தைப் பார்ப்பார்கள்.
குடும்பக் கஷ்டம், எல்லோரும் செய்கிறதுதானே
என்று நான் சேர்த்துவைத்த சாக்குகளையும்.
அங்கே எண்ணைச் சொல்கிறவர்
முள் காட்டுவதையே சொல்வார்.
அதுதான் பயம்.
சில இரவுகளில்
அது ஒன்றுதான் ஆறுதல்.
அந்த முள்ளையே தலையில் சூடியவர் அவர்
என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது கோரிமேட்டில் ஆட்டோ ஓட்டுகிறேன்.
சீட்டுக்கடியில் ஒரு தாள்:
மாரக்காள், நாற்பத்தாறு மூட்டை.
புது பஸ்ஸ்டாண்டுக்கு யார் ஏறினாலும்
திருப்பூரா என்று கேட்கிறேன்.
ஆமாம் என்றால்,
சடையன் என்று ஒரு பையன்,
ஏற்காட்டுக்காரன்,
இடது புருவத்தில் தழும்பு,
எங்கேயாவது பார்த்தீர்களா?