இடது தொடையில் காற்று

நாற்பது மீட்டர் உயரக் கூண்டிலிருந்து
என்னைக் கீழே இறக்கி
ஏழு திரைகளுக்கு முன்னால் உட்காரவைத்தபோது
சம்பளம் கூடியது, முதுகுவலி குறைந்தது,
காற்று போய்விட்டது.

மேலே இருந்தவரை
பெட்டி ஆடினால் என் வயிறும் ஆடும்.
இருபது டன் செர்ரிப்பழம் கம்பியில் தொங்குவதை
இடுப்பெலும்பு எடைபோட்டு வைத்திருந்தது.
இங்கே எல்லாம் படம்.
மழையில்கூட நனையாத
சான் அந்தோனியோ துறைமுகம்.

ஒரு கிரேன் என்றார்கள், பிறகு இரண்டு,
ஆகஸ்டில் மூன்று.
கண்கள் இரண்டுதானே எர்மிந்தா என்று
கழிவறைக் கண்ணாடியில் இருந்தவளிடம் சொன்னேன்.
ஒன்றைப் பார்த்தால் மற்றது நழுவும்.
ஒரு செவ்வாய் இரவு
லாரியின் கூரையைத் தடவிவிட்டு மேலேறியது ஒரு பெட்டி.
ஓட்டுநர் இறங்கி நின்று
கேமராவைப் பார்த்துத் திட்டினார்.
வாய் மட்டும் அசைந்தது.

அதன்பிறகுதான் பாஸ்தியானை அனுப்பினார்கள்,
சால்டரிங் வாசனை போகாத சட்டையோடு.
"கண்ணிடம் இனி எதுவும் கேட்கமாட்டேன்,
அது கழுத்தளவு கடனில் இருக்கிறது."
இருக்கைக்குள் சின்னச்சின்ன மோட்டார்கள் பதித்தான்.
முதல் கிரேனின் பெட்டி காற்றில் ஆடினால்
இடது தொடை குறுகுறுக்கும்.
மூன்றாவதற்கு வலது.
நடுவிலிருப்பதற்கு எங்கே என்று
இருவரும் கொஞ்சம் வெட்கப்பட்டு
முதுகு என முடிவாயிற்று.
பெட்டி தரையை நெருங்க நெருங்க
காதில் ஒரு சுருதி தாழ்ந்துகொண்டே வரும்,
புட்டி நிறையும் ஓசையைத் திருப்பிப் போட்டதுபோல.
லாரி வந்து நின்றால்
மணிக்கட்டுப் பட்டை ஒருமுறை இறுக்கும்,
தெருவைக் கடக்கையில் குழந்தை பிடிக்குமே, அப்படி.

முதல் வாரம் தலைசுற்றல்.
இரண்டாம் வாரம் பேருந்தில் இடது தொடை நடுங்க
"ஒன்று, காற்று!" என்று கத்திவிட்டேன்.
பக்கத்திலிருந்தவர் இடம் மாறிக்கொண்டார்.
ஐந்தாம் வாரம்
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை,
மூன்று பெட்டிகளும்
என்னிடமிருந்தே தொங்கின.
ரொட்டியில் அவகாடோ தடவிக்கொண்டே
மூன்றாவதன் ஆட்டத்தை அடக்கினேன்.

அக்டோபர். அதிகாலை நாலேகால்.
இடது தொடை வலது தொடை முதுகு
மூன்றும் ஒரே கணத்தில்.
திரையில் காற்றுமானி பேசாமல் இருந்தது.
"சென்சார் கோளாறு" என்றான் பாஸ்தியான்
விசைப்பலகையைத் தட்டியபடி.

என் பாதங்களுக்குக் கீழே
அவன் எந்த மோட்டாரும் வைத்திருக்கவில்லை.
அங்கேயும் நடுங்கியது.

"இது உன்னுடையது இல்லை" என்றேன்,
"தரை."

எந்தக் கை எந்தப் பொத்தானை அழுத்தியதோ
மூன்று பெட்டிகளும் இருந்த இடத்தில் நின்றன.
காபிக் கோப்பை மேசை விளிம்புவரை நடந்துபோய்
யோசித்து நின்றது.
பதினொரு விநாடி.
வெளியே, இரவெல்லாம் குரைக்கும் கடற்சிங்கங்கள்
வாயை மூடிக்கொண்டிருந்தன.
அந்த மௌனம்
இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது.

பாஸ்தியான் மேசைக்கு அடியிலிருந்து
குறிப்பேட்டோடு வெளியே வந்தான்.
நிலநடுக்கத்துக்கும் ஒரு குறிப்பு வைக்கலாமாம்,
பிடரியில், லேசான சூடாக.
வேண்டாம் தம்பி,
அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது என்றேன்.

இப்போதெல்லாம் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறேன்.
விதிமீறல்தான்.
மேசைக்கு அடியில் கேமரா இல்லை.