இருபது கிலோவுக்குக் கீழே

லாரி இல்லாத நேரம்
எடைமேடையில் ஏறி நிற்பேன்.
அறுபது காட்டும், சில நாள் எண்பது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
முக்கூடல் ஆஸ்பத்திரித் தராசில் நான்
எழுபது சொச்சம்.

ஆலங்குளத்துக்கு மேற்கே
ஆடிக்காற்று விடியவிடியத் தகர அறையை அறையும்.
புளியரை தாண்டிப் போகிற கல்வண்டிகள்
பதினொன்றுக்கு மேல்தான் வரும்.
நாற்பத்திரண்டு டன் ஏற்றிக்கொண்டு
முப்பத்தைந்துக்குச் சீட்டு.
நூறு ரூபாயை வெற்றிலை போல மடித்து
ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார்கள்.
வாயால் கேட்க மாட்டார்கள்,
கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம்.

மூன்று வருஷம் வாங்கினேன்.
இதை எழுதாமல் மற்றதை எழுதக்கூடாது.
மகளுக்குக் காது குத்தியது,
கிணற்றில் மோட்டார் இறக்கியது
எல்லாம் அந்த ஏழு டன்னில்.
அப்போது எனக்கு நெஞ்சுக்கரிப்பு.
ரோஸ் கலர் மருந்தைப் பாட்டிலோடு குடிப்பேன்.
"காரத்தக் கொறைங்க" என்பாள் வெயிலுகந்தாள்.
சொதியில் என்ன காரம்?

நிறுத்தியதற்குப் பெரிய காரணம் கிடையாது.
ஒரு செவ்வாய்க்கிழமை
பிரிண்டரில் ரிப்பன் தீர்ந்துவிட்டது.
"பேனாவால எழுதித் தாரும்" என்றான் பூலுடையார்.
எந்திரம் அடித்தபோது வராத கூச்சம்
கையெழுத்தில் வந்தது.
என் ஐந்து எப்போதும் இடப்பக்கம் சாயும்,
மகளின் மார்க் அட்டையிலும் அப்படித்தான் சாயும்.
நாற்பத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.
"ஏ அண்ணாச்சி, கிறுக்கு கிறுக்குப் பிடிச்சிருக்கா?"
இருக்கலாம்.

பாதி வண்டிகள் இப்போது
அடுத்த எடைமேடைக்குப் போகின்றன.
முதலாளி சம்பளத்தில் இரண்டாயிரம் பிடித்தார்.
மோட்டாரில் காயில் கருகி ஆறு மாசம்.
தண்ணீருக்குப் போகும்போது
வெயிலுகந்தாள் ஒன்றும் சொல்வதில்லை.
குடம் சொல்லும்.

நிம்மதி என்று பெரிதாக எதுவும்
வந்து இறங்கிவிடவில்லை.
மருந்து பாட்டில் பாதியில் நிற்கிறது,
அடியில் ரோஸ் படிந்து கல்லாகிவிட்டது.
காலையில் பழைய சோறு, காணத்துவையல்.
அப்புறம் மதியம் வரைக்கும் தூக்கம்;
கனவு வந்தாலும் அதில் லாரி வருவதில்லை.

நேற்று பூலுடையார் வந்தான்.
முப்பத்துநாலு டன், எண்ணூற்று நாற்பது.
"சரியாத்தான் ஏத்திருக்கேன், பாரும்."
திருந்தியெல்லாம் இல்லை,
செங்கோட்டையில் பிடிக்கிறார்களாம்.
போகிறபோக்கில் ஜன்னல் விளிம்பில்
ஒரு வெள்ளரிப்பிஞ்சை வைத்துவிட்டுப் போனான்.

இதை வாங்கலாமா?
மேடையில் வைத்துப் பார்த்தேன்.
சைபர்.
அரை மணி நேரம் யோசித்துவிட்டு
உப்பில்லாமலே தின்றேன்.