வளைவு 7/20

பின்னம் தொடங்கிய வாரம்
கரும்பலகையில் கேக் வரைந்தேன்.
எட்டுத் துண்டு. மூன்றுக்கு மட்டும் மஞ்சள் சாக்பீஸ்.
"யாருக்கு டீச்சர் பொறந்தநாள்?" என்றாள் ஜெனிட்டா.
அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நட்சத்திர ஸ்டிக்கர்.
வாங்கியவளே வாங்கினாள்.
மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே
சில்வர் ஓக்கில் ஏறும் மிளகுக்கொடியைப்
பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை
சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வருகையில்
எதிரே அந்த போர்டு:
கொண்டை ஊசி வளைவு 7/20.
நாலு வருடமாக அதைக் கண்டதும்தான்
கண்ணை மூடி எலுமிச்சையை முகர்கிறேன்.
அன்று மூடவில்லை.

நாகலூரில் ஐந்தாம் வகுப்பின் சிமென்ட் தரை முழுக்க
அடிவாரம் முதல் ஏரிவரை சாக்பீஸ் பாதை.
ரப்பரை அறுத்து, பேனாவால் புள்ளி வைத்துப் பகடை.
காய்களாகக் காபிக்கொட்டை, ஆரஞ்சு விதை,
யாரோ பிய்த்துக் கொடுத்த சட்டைப் பொத்தான்.
வளைவுக்கு ஒரு கணக்கு. சொன்னால் ஏறலாம்.
பதினொன்றில் பாம்பு வரைந்தேன்.

"நம்ம ரோட்ல ஏது டீச்சர் அவ்ளோ பெரிய பாம்பு?"

ஜூனிலிருந்து வாய் திறக்காத சேர்வராயன்.
அப்பா மர லாரியில் கிளீனர்.
பாம்பை உள்ளங்கையால் துடைத்துவிட்டு
அங்கே ஒரு காட்டெருமையை நிறுத்தினான்.
ஹாரன் அடிக்கக் கூடாது, அதுவா போகும்வரை நிக்கணும்.
பதிமூன்றில் இன்ஜின் சூடு, தண்ணி ஊத்தணும்.
பத்தில் வாந்தி.
"சரிபாதி டீச்சர், அங்கதான் எல்லாருக்கும் வரும்."
பதினெட்டுக்கு மேலே பனி: ஒரு ஆட்டம் போச்சு.

பிறகு சண்டை.
"இருபதுல பதினஞ்சு ஏறிட்டேன், இன்னும் கால்வாசிதான்!"
"இருபதுல பத்தும் ரெண்டுல ஒண்ணும் ஒண்ணுதான்டா,
பொத்தானைப் பின்னாடி வை!"
தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து
"இன்னிக்குப் பாடம் இல்லையா?" என்றார்.
பதினான்கு தலைகளில் ஒன்றுகூட நிமிரவில்லை.

அரையாண்டுத் தாளில்
மறுபடியும் கேக் வந்திருந்தது.
சேர்வராயன் ஒவ்வொன்றாக ஏறியிருந்தான்,
அடித்து, திருத்தி, மூச்சு வாங்கி.
கடைசிக் கேள்விக்கு விடை எழுதும் இடத்தில்
சின்ன எழுத்தில்:
"பனி. ஒரு ஆட்டம் போச்சு."

பூஜ்யம் போட சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
ஜன்னலில் மைதானம் இல்லை.
கொடிக்கம்பம் இல்லை, கேட் இல்லை,
பஸ் ஏதோ ஒன்று எங்கோ உறுமிக்கொண்டு நின்றது.

பேனாவை மூடி வைத்தேன்.
எனக்கும் ஒரு ஆட்டம் போச்சு.
பகடை இப்போது அவன் கையில்.