வரி நானூற்றுப் பன்னிரண்டு

கல்லடியில் போன் கடைக்கு மேல்மாடி.
கார்த்திகை மழை தகரத்தில்.
சிப்புக்குள் நிரல் ஏற்றும் எங்கள் கருவியின்
அறுபத்தொரு கோப்புகளையும் திறந்து வைத்து
இல்லாததைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இல்லாதது என்பதும் சரியில்லை.
எடிட்டரில் ஒரு பொத்தானை அமர்த்தினால்
வெளியெல்லாம் சாம்பல் புள்ளியாய்,
டாப் எல்லாம் சின்ன அம்பாய்,
புற்றைக் கிளறினது போல வெளியே வரும்.

அம்புகள் பஸ்லானுடையவை.
எட்டெட்டாய் எடுத்து வைப்பான்;
மூன்று படி உள்ளே போனால்
வரி திரையைத் தாண்டி ஆற்றுக்குள் விழும்.
இரண்டிரண்டு புள்ளி ஜெயரூபன்,
தேத்தண்ணிக்கும் அரைக் கரண்டி சீனிதான்.
வரி முடிந்த பிறகும் ஏழெட்டு வெளி விட்டுப் போவது
டெரிக் பார்த்தலட்:
போயிற்று வாறன் என்று சொல்லிவிட்டு
படியில் நின்று இன்னும் அரை மணி கதைக்கிற ஆள்.

மூவரும் கை வைத்த கோப்பில்
எது நிபந்தனைக்குள், எது வெளியில் என்று
கண் ஏமாறும்.

ஓலையில் எழுதியவர்கள்
புள்ளியும் வைக்கவில்லை, இடமும் விடவில்லை.
படித்தவன் தன் மூச்சால் பிரித்துக்கொண்டான்.
சிப்புக்கு மூச்சில்லை.
இடைவெளி அதற்கு வேண்டியதுமில்லை.
வேண்டியது எனக்கு.

நாலு வெளி என்று முடிவெடுத்துக்
கட்டளை கொடுத்தேன். அரை நொடி.
மேக்ஃபைல் செத்துப்போனது.
அதற்குள் அம்பு மட்டும்தான் செல்லும்,
புள்ளி செல்லாக்காசு.
தெரியும். தெரிந்தும் செய்தேன்.
ஒவ்வொரு அம்பாய்த் திரும்ப நட்டேன்.

பிறகு அந்த அட்டவணை.
வாவியில் நிற்கும் நீர்மட்டக் கம்பங்களுக்கான எண்கள்,
கம்பத்துக்கு எட்டு, நிரைக்கு ஒரு கம்பம்.
பஸ்லான் விரலாலேயே வெளி தட்டித் தட்டி
ஒன்றின் கீழ் ஒன்றாய் நிறுத்தியிருந்தான்.
ஐந்தாம் நிரை வெறும் வரி.
அந்தக் கம்பத்தைப் போன வருட வெள்ளம் கொண்டுபோனது.
என் கட்டளை அதை இழுத்து மூடி
எண்பத்தெட்டு எண்களையும்
ஒரே பொட்டலமாய்க் கட்டியிருந்தது.

பழையபடி ஆக்கினேன்.
மேலே ஒரு குறிப்பு: இதற்குக் கீழே தொடவேண்டாம்.
அந்த வெறுமை வேண்டுமென்று விட்டது.

முன்பும் பின்பும் தொகுத்து
இரண்டையும் ஒப்பிட்டேன்.
பத்தாயிரத்துச் சொச்சம் வரி மாறியிருந்தது.
ஒரு பைட்டும் மாறவில்லை.
இவ்வளவு வேலை செய்து
ஒன்றும் செய்யவில்லை என்று நிரூபித்த மகிழ்ச்சியில்
முட்டை ரொட்டி இரண்டு சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள், இரவு இரண்டு மணி.
முகத்துவாரத்தில் மண்திட்டை வெட்டுவதா விடுவதா என்று
டோர்ச்சோடு ஆட்கள் நிற்க,
மூன்றாம் கம்பம் நீர்மட்டம்
மைனஸ் நாலடி என்கிறது.

ஜெயரூபனின் அழைப்பு:
"என்ன கா, நானூற்றுப் பன்னிரண்டு உன்ட பேரில கிடக்கு."
"அதில நான் எடுத்தது வெறும் வெளிதான்."
"எண்டாலும் உன்ட பேர்."

உண்மைதான்.
பத்தாயிரம் வரிக்கும் இப்போது கடைசியாய்க் கை வைத்தவள் நான்.
நாலு வருடத்துப் பிழைகள் எல்லாம்
ஒரே இரவில் எனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன,
சாட்சிக் கையெழுத்து இல்லாமல்.

திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை.
இவ்வளவு காலமும்
நிபந்தனைக்குள் நிற்பதாய் நடித்த வரி
ஓரத்துக்குத் தள்ளப்பட்டுத் தனியே நின்றது,
நனைந்த ஆளைப் போல.
அடைப்பு போட மறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

போட்டேன். அனுப்பினேன்.
கம்பம் ஆறடி இரண்டு அங்குலம் என்றது.
வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று குறுஞ்செய்தி.

அந்த வரியின் வாலில்
எட்டு வெளி தொங்கிக்கொண்டிருந்தது
எனக்கு நல்ல ஞாபகம்.
பழைய பதிவுகளைத் தோண்டினால் கிடைக்கும்.
இரண்டரை மணிக்கு யார் தோண்டுவது.