சாலை வரி என்ற கட்டம்

ஓமலூர் ரோடு ஷோரூமில்
நவநீதன் நீட்டிய தாளில்
எல்லாக் கட்டத்திலும் தொகை.
ஒன்றில் மட்டும் முட்டை.
"சாலை வரி அக்கா. இந்த மாசம் முப்பத்தொண்ணு வரைக்கும்தான்.
அப்புறம் பதினாலாயிரம் ஏறிடும்."

ஏற்காட்டில் காலை ஏழுக்கு எடுத்த ரத்தத்தைப்
பத்துக்குள் அஸ்தம்பட்டி லேபில் சேர்ப்பது என் வேலை.
கூலி ட்யூப் கணக்கு. பெட்ரோல் என் கணக்கு.
டெங்கு காலத்தில் வண்டிக்குத் தீனி தாராளம்;
ஊர் நன்றாக இருக்கும் மாதங்களில்
எனக்குக் கடன்.

சீட்டு எனக்குத் தையில் விழ வேண்டியது.
மார்கழியிலேயே ஏலத்தில் கை தூக்கினேன்.
தள்ளு பதினோராயிரத்து ஐநூறு.
நளாயினி டீச்சர் திரும்பிப் பார்த்து,
"வீட்ல யாருக்காவது..." என்று நிறுத்திக்கொண்டார்.
மிச்ச இரண்டாயிரத்து ஐநூறு
ஹவுஸ் ஓனர் மீட்டரிலிருந்து வாசலுக்கு
ஒரு பிளக் பாயின்ட் இழுத்ததில் போனது.
வரி கட்டவில்லை நான்.
சீட்டுக்குக் கட்டினேன். ஒயருக்குக் கட்டினேன்.

எதிர்வீட்டு லாரிக்காரர் பொன்னுரங்கம்
பச்சை நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தார்.
"மூணு மாசத்துக்கு ஒருக்கா நான் கட்டுற காசுல
நீங்க ஓட்டுறீங்க."
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
பதில் இல்லை என்னிடம்.
சாயங்காலம் அவர் மகன் வந்து
"ஒரே ஒரு ரவுண்டு" என்று சாவி வாங்கிப் போனான்.

ஏறும்போது மலை உறிஞ்சுகிறது.
பதினைந்தாவது கொண்டை ஊசியில் பாதி காலி.
இறங்கும்போது கையைத் தளர்த்தினால் போதும்,
வண்டியின் கனம், என் கனம், ஐஸ் பெட்டியின் கனம்
எண்ணாகித் திரும்புகிறது:
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
வாங்கியதில் கொஞ்சமாவது திருப்பித் தருகிற ஆபீஸ்
நான் பார்த்தவரை
இந்த மலை ஒன்றுதான்.

கீழிருந்து மூன்றாம் வளைவில் நிறுத்திப்
பெட்டியைத் திறந்தேன்.
பத்தொன்பது ட்யூப்.
அதிராமல் வந்த ரத்தம் அடியில் படிந்து
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்திருந்தது.
பழைய வண்டியில் நான்கைந்து கலங்கிவிடும்;
மறுபடி ஊசி, மறுபடி மலை.
இதற்கு அந்தத் தாளில்
கட்டம் இல்லை.

அடிவார டீக்கடையில் ஃபிரீடா, வேறு லேப்.
கிளம்ப மறுக்கும் பெட்ரோல் வண்டியை
உதைத்துக்கொண்டே கேட்டாள்:
"எவ்வளவுக்கா ஆச்சு? நானும் எடுக்கணும்."

ஜனவரி இரண்டாம் தேதி.
எந்தத் தொகையைச் சொல்வேன்.